சி ஆஃப் கணக்கு: தேதியை முதலில் பேசுங்கள்

ஏற்காட்டில் ஹோட்டல் வேலை பார்க்கிறவர்களுக்கு, ஊருக்கு லீவு என்றால் டூட்டி என்று அர்த்தம். பொங்கல், ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ், ஏப்ரல் மே முழுக்க, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிச் சனி ஞாயிறு வந்துவிட்டால் அதுவும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கார் வரிசை நிற்கிற நாட்களில் எங்கள் ரோஸ்டரில் 'ஆஃப்' என்ற எழுத்தே இருக்காது. அதற்குப் பதிலாகப் பின்னால் கிடைப்பதுதான் சி ஆஃப், அதாவது காம்பன்சேட்டரி ஆஃப், ஈடுசெய் விடுப்பு.

நான் ஒரு ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸில் இருக்கிறேன். வீடு சேலத்தில், தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிறேன். எங்கள் இடத்தில் சி ஆஃப் தரவே மாட்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். தருவார்கள். எந்த நாளில் தருவார்கள் என்பதில்தான் எல்லா வம்பும்.

மழைக்காலத்தில் வாரநாட்களில் மலை காலியாக இருக்கும். ஏரியே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், படகுத்துறையில் ஆள் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு நாளில் நாம் காலை பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு குடலைப் பிரட்டிக்கொண்டு மேலே வந்து, யூனிஃபார்ம் மாற்றி, கவுன்டரில் நின்ற பிறகு டூட்டி மேனேஜர் வருவார். "இன்னிக்கு ரூம் ஒண்ணும் போகலம்மா. நீ கிளம்பிடு, உன் சி ஆஃப்ல ஒண்ணு கழிச்சுக்கறேன்." அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கு ஏதோ சலுகை தருவது போலவே இருக்கும். திரும்பி வீடு வந்து சேரும்போது மதியம். பஸ் காசு போயிற்று, சமையல் காலையிலேயே முடிந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பொங்கலன்று வீட்டில் இல்லாமல் வேலை பார்த்ததற்கு ஈடு இந்த அரை நாள்.

அந்தக் கணக்கு இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். ரிசப்ஷன் டிராயரில் ஒரு நீள நோட்டு. இடது பக்கம் பெயர், நடுவில் எந்த நாள் டூட்டி பார்த்தோம் என்பது, வலது பக்கம் எப்போது எடுத்தோம் என்பது. நடுப்பத்தி பேனாவில் இருக்கும். வலது பக்கம் பென்சில். ரப்பர் வைத்து அழித்து அழித்து அந்தப் பக்கத்தின் தாளே மெலிந்து போயிருந்தது. ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான், வலது பத்தியில் எழுதப்படும் எதற்கும் எங்கள் கையெழுத்து தேவைப்படவில்லை என்பது உறைத்தது.

வீட்டில் இதைப் பற்றிப் பேசினால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள், காரணம் நாங்கள் மூன்று பேரும் மூன்று வகை வேலையில் இருக்கிறோம். அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. அவருக்கு ஈடுசெய் விடுப்பு என்பது தெளிவான விஷயம்: அரசு விடுமுறை நாளில் வேலை பார்த்தால் ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், ஒரு ஆண்டில் 10 நாளுக்கு மேல் கிடையாது. மாமா நூல் மில்லில் இருக்கிறார். மில்காரர்கள் நெடுங்காலம் பழகியது 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம். வார விடுமுறையன்று ஆளை வேலைக்குக் கூப்பிட்டால், அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் விட வேண்டும், எப்படி மாற்றினாலும் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக் கூடாது என்று அதன் 52-வது பிரிவு சொன்னது. அரசிடம் விலக்கு வாங்கி வார விடுமுறையைத் தள்ளிப்போட்ட இடங்களில், இழந்த நாட்களை அந்த மாதமோ அதற்கடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்றது 53-வது பிரிவு. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த இரண்டு மாதக் கெடு அப்படியே இருக்கிறது.

எனக்கு, அதாவது ஹோட்டல்காரர்களுக்கு? என் கேள்வி அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஹெச்.ஆர். "கம்பெனி பாலிசிப்படி" என்று தொடங்கி "பிசினஸ் எக்ஸிஜென்சி" (வியாபார அவசரம்) என்று முடிப்பார். நடுவில் சட்டம் என்ற சொல் வராது.

தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் சி ஆஃப் என்று ஒரே பெயரில் அழைப்பதற்குள் மூன்று தனித்தனிச் சமாசாரங்கள் இருக்கின்றன. அதைப் பிரிக்காமல் மேனேஜரிடம் பேசப் போனால் அவர் நம்மைச் சுற்றிவிடுவார்.

முதலாவது, வார ஓய்வு. உணவு விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 1958-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, கடைகளுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் 1947-ம் வருஷச் சட்டம். இரண்டிலும் வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. 'வாரத்துக்கு' என்பதைக் கவனியுங்கள். மேயில் நான்கு வாரம் ஓட்டிவிட்டு ஜூலையில் நான்கு நாள் சேர்த்துத் தருவது அந்தச் சட்டத்தின் நோக்கமே இல்லை.

இரண்டாவது, கூடுதல் நேரம். ஷிஃப்ட் முடிந்தும் நாலு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு "அரை நாள் சி ஆஃப் போட்டுக்கோ" என்பார்கள். கூடுதல் நேரத்துக்குச் சட்டம் சொல்வது இரட்டை வீதத்தில் பணம். எட்டு மணி நேர ஷிஃப்டில் நாலு மணி நேர உழைப்புக்கு நாலு மணி நேர ஓய்வு என்றால் கணக்குச் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் இரட்டை வீதப்படி அது எட்டு மணி நேரச் சம்பளம். பாதி எங்கே போயிற்று?

மூன்றாவதுதான் எனக்கு நிஜமாகவே உதவியது. தேசிய, பண்டிகை விடுமுறை நாட்களுக்கென்று தமிழ்நாட்டில் 1958-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், கூடவே ஐந்து பண்டிகை நாட்களும், ஆக வருஷத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஹோட்டல், கடை, மில், எஸ்டேட் எல்லாமே இதற்குள் வரும். அந்த நாட்களில் வேலைக்கு வரச் சொல்லலாம், தடையில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். வந்து வேலை பார்த்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அந்த நாள் சம்பளத்தோடு ஒரு மாற்று விடுப்பு. இந்த இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது வேலை பார்த்தவருடைய விருப்பம். மேனேஜருடையது இல்லை.

மாற்று விடுப்பு எப்போது? ஒவ்வொரு சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி முடிந்த மறுநாளும் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வரும், பார்த்திருப்பீர்கள்: தொழிலாளர் துறை அதிகாரிகள் கடைகள், ஹோட்டல்களில் ஆய்வு செய்து இத்தனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள் என்று. அதிலேயே ஒரு வரி இருக்கும், இரட்டிப்புச் சம்பளம் அல்லது மூன்று தினங்களுக்குள் மாற்று விடுப்பு தந்திருக்க வேண்டும் என்று. வருஷக்கணக்காக அந்தச் செய்தியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம்.

மூன்று நாள். எங்கள் நீள நோட்டில் குடியரசு தினத்துக்கு எழுதிய ஆஃப் ஆடி மாதம் வரை படுத்துத் தூங்கும்.

இதைப் படித்தவுடன் நேராகப் போய்ச் சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், மூன்று நாளுக்குள் கிடைக்கும் ஆஃப் எங்களில் பாதிப் பேருக்கு வேண்டவே வேண்டாம். எங்கள் ஹவுஸ் கீப்பிங்கில் மலைக் கிராமத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு வருஷத்தில் இரண்டு சமயம் ஆஃப் தேவை. ஒன்று, காப்பிப் பழம் எடுக்கும் காலம். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் சொந்தத் தோட்டத்துச் செடிகளில் பழம் சிவந்து நிற்கும்போது ஒரு நாள் வீட்டில் இருந்தால் கூலி ஆள் ஒருவர் மிச்சம். இன்னொன்று மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா. சுற்றியிருக்கும் மலைக் கிராமங்கள் எல்லாம் கூடுகிற நாள். அது எங்கள் ஹோட்டலுக்கு உச்ச சீசன். கோடை விழா, அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி, ரூமுக்கு அடிதடி என்று எல்லாம் அந்த மாதத்தில்தான். "மே மாசம் ஆஃபா? என்ன பேசறீங்க?" என்று வருஷா வருஷம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஜூலையில் நாலு நாள் சேர்த்து வீட்டில் உட்கார வைப்பார்கள். ஜூலையில் அவருக்கு வீட்டில் என்ன வேலை? மழையில் விறகு காயாது, அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து வரும் எங்களுக்கோ வேறு நாள். கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு ஊரில் இருக்க வேண்டும், உருளுதண்டம், மாவிளக்கு என்று வீட்டில் வேண்டுதல் ஏதாவது இருக்கும். அந்தச் சமயம் மலையில் கூட்டம் குறைவு, அதனால் எங்களுக்கு எளிதில் கிடைத்துவிடும். ஒரே நோட்டு, ஒரே எண்ணிக்கை, ஆனால் மலைக்காரர்களுக்குக் கிடைத்ததும் எங்களுக்குக் கிடைத்ததும் ஒன்றில்லை. இதை மேனேஜ்மென்ட் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். தேதியை அவர்களே முடிவு செய்தால் இப்படித்தான் முடியும்.

அப்போதுதான் பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்தது. மூன்று நாளுக்குள் தர வேண்டியதைத் தள்ளிப்போட ஹோட்டலுக்கு ஆசை. தள்ளிப்போட நாம் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. ஒத்துக்கொள்வதற்கு ஒரு விலை கேட்கலாம் அல்லவா? அந்த விலை, தேதி நம்முடையது என்பது.

ஜனவரி 26-க்கு முந்தின வாரம் ரோஸ்டர் வந்தது. அந்த அக்காவும் நானும் சேர்ந்து மேனேஜரைப் பார்த்தோம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அவர் முன்னால் நின்றதும் பாதி மறந்துவிட்டது, அக்காதான் பேசினார். "சார், இருபத்தாறாம் தேதி நாங்க வர்றோம். வர மாட்டோம்னு சொல்லல. அதுக்கு உண்டான லீவ நீங்க மூணு நாளைக்குள்ள குடுக்கணும், இல்லன்னா ரெட்டைச் சம்பளம். அந்த மூணு நாளும் சனி ஞாயித்த ஒட்டி வருது, உங்களுக்குக் கஷ்டம். சரி, விட்டுடறோம். எனக்குத் திருவிழாவுக்கு ரெண்டு நாள் மே மாசம் வேணும். ஒண்ணு இது. இன்னொண்ணு பொங்கலுக்கு வந்தது. இப்பவே எழுதிடுங்க."

மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "திருவிழா தேதி இன்னும் சொல்லலையேம்மா" என்றார். "ஊர்ல முடிவானதும் சொல்றேன் சார். இப்ப 'மே, திருவிழா'ன்னு எழுதுங்க, பேனாவுல எழுதுங்க."

எழுதினார். முறைத்துக்கொண்டுதான். ஆனால் அவருக்கும் ஒரு லாபம் இருந்தது, அதை நாங்கள் சொல்லாமலேயே அவர் புரிந்துகொண்டார்: மே மாதத்தில் யார் எப்போது இருக்க மாட்டார்கள் என்பது ஜனவரியிலேயே தெரிந்தால் அந்த நாளுக்குக் கீழேயிருந்து ஆள் ஏற்பாடு செய்யலாம். கடைசி நேரத்தில் பாட்டி செத்துப்போனதாக வரும் போன்களும் குறையும். (எங்கள் ஸ்டாஃபில் ஒரு பையனுக்கு எத்தனை பாட்டிகள் என்று ஹெச்.ஆருக்கே கணக்குத் தெரியாது.)

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'நான் கேட்கிற நாளில்தான் ஆஃப் தர வேண்டும்' என்று சட்டத்தை நீட்டிப் பேசினால் எடுபடாது. சட்டம் தருவது மூன்று: ஓய்வு நாள் கிடைத்தே தீர வேண்டும் என்பது, அது குறித்த காலத்துக்குள் வர வேண்டும் என்பது, விடுமுறை நாள் உழைப்பில் பணமா லீவா என்பது நம் விருப்பம் என்பது. தேதி, இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசி வாங்க வேண்டியது. ஆகவே பேச்சு எப்போது என்பது முக்கியமாகிறது. விடுமுறை நாளில் வேலை பார்ப்பதற்கு முன்னால் பேசினால் அவருக்கு நாம் தேவை. பார்த்து முடித்த பிறகு பேசினால் நமக்கு அவர் தேவை.

இப்போது நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவது இவ்வளவுதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்: "சார், ஆகஸ்ட் 15 டூட்டிக்கு வருகிறேன். அதற்கான மாற்று விடுப்பை ஆகஸ்ட் 27 அன்று எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தேதி முடியாது என்றால் இரட்டைச் சம்பளமாகக் கொடுத்துவிடுங்கள். சரி என்றால் தெரியப்படுத்துங்கள்." அவர் கட்டைவிரல் போட்டால் போதும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன். குரூப்பில் போடாமல் தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் மேனேஜருக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிடும், கட்டைவிரல் வராது.

ரூம் ஒண்ணும் போகல, வீட்டுக்குப் போ என்ற கதைக்கு வருவோம். அதற்கு நான் கண்ட வழி சாதாரணமானது. "சார், டூட்டிக்கு வந்துட்டேன், பஞ்ச் பண்ணிட்டேன். வேலை இருந்தா குடுங்க. அனுப்பணும்னா நேத்து சாயந்திரமே சொல்லியிருந்தா சி ஆஃபா எடுத்திருப்பேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு கவுன்டரிலேயே நிற்பது. வந்தவருக்கு வேலை கொடுக்க முடியாதது ஹோட்டலின் பாடு, நம் லீவுக் கணக்கில் அதை எழுத முடியாது. முதல் தடவை அவருக்குக் கோபம் வந்தது, என்னை ஸ்டோர் ரூமில் லினன் எண்ண வைத்தார். எண்ணினேன். இப்போது முந்தின நாள் சாயந்திரம் ஆறு மணிக்குள் போன் வந்துவிடுகிறது. பஸ் ஏறாமல் வீட்டில் இருக்கிற நாளாக இருந்தால் கழித்துக்கொள்ளட்டும், எனக்கும் ஆட்சேபணை இல்லை.

வேலையை விட்டுப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் கிச்சனில் இருந்த ஒரு தம்பி பெங்களூருக்கு மாறினான். நிலுவையில் ஏகப்பட்ட சி ஆஃப். நோட்டீஸ் காலத்தில் எடுக்கக் கூடாது என்றார்கள், கடைசி செட்டில்மென்டில் பணமாகவும் வரவில்லை. கேட்டால், "அதெல்லாம் மூணு மாசத்துல லேப்ஸ்" என்று பதில். எடுக்க விடாமல் வைத்திருந்ததும் அவர்கள், காலாவதி என்று சொல்வதும் அவர்கள். ராஜினாமாக் கடிதத்திலேயே எந்தெந்தத் தேதிக்கான ஆஃப் பாக்கி என்று பட்டியல் போட்டு, நோட்டீஸ் காலத்தில் கொடுங்கள் அல்லது பணமாகக் கணக்கு முடியுங்கள் என்று எழுதிவிடுவது நல்லது. அந்தத் தம்பிக்குப் பிறகு போன இரண்டு பேர் அப்படி எழுதினார்கள், ஒன்பது நாள் பட்டியலில் வரும் தேதிகளுக்காவது பணம் வந்தது. வார ஓய்வுக்கு வரவில்லை.

பேசிப் பார்த்தும் நகரவில்லை என்றால் சேலத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. ஏற்காட்டுக் கடைகளும் ஹோட்டல்களும் அந்த மாவட்ட அலுவலகத்தின் பார்வையில்தான் வரும். நான் அங்கே இதுவரை புகார் கொடுத்ததில்லை. கொடுக்கும் நிலை வந்தால் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் தயாராக வைத்திருக்கிறேன்: ரோஸ்டர் போட்டோ, பஞ்ச் விவரம், சம்பளச் சீட்டு, அந்த வாட்ஸ்அப் செய்திகள். நீள நோட்டையும் மாதம் ஒரு தடவை என் பெயர் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்துவிடுவேன். மேனேஜருக்குத் தெரிந்தேதான். ஒளித்து எடுத்தால் அது திருட்டுத்தனம் போல ஆகிவிடுகிறது. அவர் எதிரிலேயே எடுத்தால் அடுத்த தடவை பேனா தானாக வருகிறது.

தேதி எழுதி, கட்டைவிரல் வாங்கி, ஆள் ஏற்பாடு எல்லாம் செய்தும் முந்தின நாள் ராத்திரி "ஒரு குரூப் புக்கிங் வந்துடுச்சு, நாளைக்கு வந்துடும்மா" என்று போன் வரும். வரத்தான் செய்கிறது. அப்போது நான் முடியாது என்று சொல்வதில்லை, குழந்தைக்கு ஆஸ்பத்திரி மாதிரி ஏதாவது இருந்தால் ஒழிய. "வர்றேன் சார், பதிலுக்கு எந்த நாள்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் வரை போனை வைக்க மாட்டேன். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். "இல்ல சார், வர்ற புதன்னு போட்டுக்கட்டுமா?" என்பேன். "சரி, போட்டுக்கோ" என்றதும் அதே நிமிஷம் மெசேஜ் போய்விடும்.